ரினெட் காத்திருந்த தீர்ப்பு

ஓனில் தெரியோ பன்னிரண்டு வருடம் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தான். வாரத்துக்கு இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், தவறாமல் செய்தான்.

ஆற்றுக்கு அந்தக் கரையில், கனடாவின் க்ளேர் ஊரில், பனிக்கால பூட்ஸுக்குள் செருகும் கம்பளி உறைகளைத் தைக்கும் சின்ன ஆலை ஒன்று உண்டு. அதன் சரக்கை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி இந்தக் கரைக்கு, அமெரிக்காவின் ஃபோர்ட் கென்ட்டுக்கு வருவதுதான் ஓனிலின் வேலை. வண்டி கிளம்புவதற்கு முன்பே சரக்கு விவரத்தாள் இந்தப் பக்கத்துச் சுங்கத் தரகர் அலுவலகத்துக்கு ஃபேக்ஸில் வந்துவிட வேண்டும். என்ன சரக்கு, எந்த நாட்டுத் துணி, என்ன விலை, எத்தனை பெட்டி. அலுவலகத்தில் ரினெட் மிஷோ அதைப் படித்துக் கணினியில் ஏற்றுவாள். எல்லாம் சரியாக இருந்தால் லாரி நிற்காமல் போய்விடும். ஓட்டுநரின் முகத்தைக்கூட அவள் பார்க்க வேண்டியதில்லை.

ஓனிலின் தாளில் 'எத்தனை பெட்டி' என்ற கட்டம் மட்டும் எப்போதும் காலியாக வரும். சரக்கை ஏற்றும்போது எண்ணுவது ஓட்டுநர்தான், நிரப்ப வேண்டியதும் அவன்தான். நிரப்பாவிட்டால் வண்டியைச் சுங்க முற்றத்தில் ஓரங்கட்டுவார்கள். ஓட்டுநர் இறங்கி, தெருவைக் கடந்து, தரகர் அலுவலகத்துக்கு வந்து எண்ணைச் சொல்ல வேண்டும்.

"நாப்பத்திரெண்டு" என்பான் ஓனில், வாசலில் பூட்ஸின் பனியை உதறிக்கொண்டே.

"எழுதுறதுக்குப் பேனா இல்லயா?"

"பேனா இருக்கு. கண்ணாடி இல்ல."

"கண்ணாடி நெத்தியில இருக்கு, கெழவா."

"அட, ஆமா. நல்லவேள நீ இருக்க, அம்மணி."

பிறகு ஒரு காபி. கூடவே ப்ளோய். இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு கரைக்காரர்களும் சாப்பிடுகிற தோசை அது. பக்வீட் என்ற தானிய மாவில், திருப்பிப் போடாமல், ஆப்பம் மாதிரி மேலெல்லாம் கண் கண்ணாக வேகும். வெண்ணெய் தடவிச் சுருட்டி, ஈயத்தாளில் பொதிந்து, ரினெட் அதை ஹீட்டரின் மேல் வைத்திருப்பாள். செவ்வாயும் வெள்ளியும் மட்டும். இருபது நிமிடம். அதற்குள் முற்றத்திலிருந்து சுங்க அதிகாரி யாராவது போன் பண்ணுவார்: "ஓனிலுக்கு எண்ணத் தெரிஞ்சிடுச்சா, இல்ல இன்னும் விரல் விட்டுட்டு இருக்காரா?"

நாலாவது வருடமோ ஐந்தாவது வருடமோ, ஆலையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி முந்திக்கொண்டு அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டாள் போலிருக்கிறது. தாள் வந்தபோது அந்த இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு. அன்று ஓனில் கொண்டுவந்த மூலத்தாளை அவன் போன பிறகு ரினெட் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எண்ணின் மேல் வெள்ளை மை பூசி, அதன்மேல் பேனாவால் கிறுக்கியிருந்தான். அடியில் முப்பத்தெட்டு என்று தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தாளை அவள் கோப்பில் வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டு போனாள்.

அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் அப்படித்தான். அவள் கணவன் பெர்லி மரம் வெட்டும் முகாமில் இறந்து அப்போது சில வருடங்களே ஆகியிருந்தன. ஒரே மகள் டெக்ஸஸில் குடியேறிவிட்டாள். ஓனிலின் மனைவி அதற்கும் முன்பே மாங்டன் நகரத்துக்குப் போனவள், திரும்பவில்லை. இரண்டு தனி ஆட்கள், நடுவில் ஒரு கவுன்டர். வாரத்தில் நாற்பது நிமிடம். பன்னிரண்டு வருடத்தில் அது எத்தனை மணி நேரம் என்று ரினெட் ஒருமுறை கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ரினெட் இந்த வேலையில் சேர்ந்தது 1989 ஜனவரியில், பத்தொன்பது வயதில். இரண்டு நாடுகளுக்கும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் தொடங்கிய அதே மாதம். "வரியே போகப்போகுது, இப்பப் போய்ச் சுங்க ஆபீஸ்ல சேர்றாளே" என்று அவள் அப்பா காகித ஆலையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். வரி குறைந்தது, தாள்கள் குறையவில்லை. எந்தப் பொருளுக்கு எந்த எண் என்று எட்டாயிரத்துச் சொச்சம் பதிவுகளில் பாதியை அவள் மனப்பாடமாகச் சொல்வாள். அலுவலகத்தின் முதலாளி ட்ரூடி சிர், பள்ளியில் அவளுக்கு ஒரு வகுப்பு மேல். தன் அப்பாவிடமிருந்து தொழிலை வாங்கியவள். இருவரும் எதிரெதிர் மேஜை. முப்பது வருடமாக ஒருத்தி முகத்தில் மற்றவள் விழிக்கிறாள்.

2025 மார்ச்சில், அமெரிக்க ஜனாதிபதி அவசரகாலச் சட்டம் ஒன்றைக் கையிலெடுத்துக் கனடாவின் சரக்குகள்மேல் இருபத்தைந்து சதவீத வரி போட்டார். இரண்டு நாளில் பெரும்பாலான பொருட்களுக்கு விலக்கு வந்தது, ஒப்பந்தப்படி இந்தக் கண்டத்திலேயே உருவான பொருட்களுக்கு மட்டும். ஓனிலின் உறைகளை க்ளேரில் தைத்தார்கள், ஆனால் கம்பளித் துணி ஆசியாவிலிருந்து வந்தது. விலக்கு இல்லை.

அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை ஓனில் வழக்கம்போல உள்ளே வந்தான். பனியை உதறவில்லை.

"பத்தொம்பது" என்றான். "பாதிகூட இல்ல. வாங்குறவன் வேணாங்கிறான். இது கடைசி லோடா இருக்கலாம்."

ரினெட் ஹீட்டரின் மேலிருந்த பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கேலி. பன்னிரண்டு வருடமாக அவர்கள் அப்படித்தான் பேசியிருக்கிறார்கள்.

"பேசாம எங்க நாட்டுல ஐம்பத்தோராவது மாநிலமா சேந்துடுங்களேன்" என்றாள். "வரியும் மிச்சம், பெட்டி எண்ற வேலையும் மிச்சம்."

அந்த மார்ச்சில், அந்தக் கரையில் யாரிடமும் சொல்லக் கூடாத ஒரே சொல் அதுதான். வானொலியில், தொலைக்காட்சியில், ஜனாதிபதியின் வாயிலிருந்து மாதக்கணக்கில் அதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு உடம்பே ரணமாகியிருந்தது. ரினெட்டுக்கும் அது தெரியும். வாயிலிருந்து வந்துவிட்டது.

ஓனில் காபியைக் கவுன்டரில் வைத்தான். பாதிதான் குடித்திருந்தான்.

"நீயுமா?" என்றான்.

"ஓனில், நான் சும்மா..."

"தெரியும். நீ சும்மாதான் சொல்லுவ. உங்க ஆளும் சும்மாதான் சொல்றாராம்." தொப்பியை மாட்டிக்கொண்டான். "இந்த வரி போற வரைக்கும் நான் இந்தப் பாலத்தத் தாண்ட மாட்டேன். லோடு இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

கதவு சாத்திய பிறகும் ஹீட்டரின் மேல் ப்ளோய் சூடாகவே இருந்தது.

அவனுடைய போன் நம்பர் அவளிடம் இல்லை. ஆலையின் நம்பர் மட்டும்தான். ஃபேஸ்புக்கில் தேடினாள். ஓனில் தெரியோ இருந்தான், முகத்துக்குப் பதில் லாரியின் படம். 'மன்னிச்சுடு' என்று அடித்து அழித்தாள். 'பத்தொன்பது பெட்டி சரியா இருந்துச்சு' என்று அடித்து அதையும் அழித்தாள். முன்பெல்லாம் சனிக்கிழமைதோறும் அக்கரைக்குப் போய்ப் பாலாடைக்கட்டி வாங்கி வருவாள். அதையும் நிறுத்திவிட்டாள். எந்தக் கடையில், எந்த முக்கில் அவனைப் பார்க்க நேருமோ என்ற பயம். பார்க்காமலே வந்துவிடுவோமோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்து ஆறு தெரியும். ஆற்றுக்கு அப்பால் க்ளேரின் மாதா கோவில் கோபுரம் தெரியும். கோபுரத்துக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் எங்கோ அவன் வீடு. குளிர் நாட்களில் புகைபோக்கிகளிலிருந்து புகை நேராக எழும். எது அவனுடையது என்று தெரியாததால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மே மாதம் ஒரு செய்தி வந்தது. நியூயார்க்கிலுள்ள வர்த்தக நீதிமன்றம், அந்தச் சட்டத்தை வைத்து இப்படி வரி போட ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ரினெட் செய்தியைப் படித்து எழுந்து நின்றுவிட்டாள்.

"ட்ரூடி, வரி போயிடுச்சு."

"எங்கடி போச்சு? நாளைக்கே மேல்முறையீடு போவாங்க பாரு."

அப்படியேதான் நடந்தது. மறுநாளே தீர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. வரி தொடர்ந்தது. ஆகஸ்டில் முப்பத்தைந்தாக ஏறியது. அந்த மாதக் கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதிகாரம் இல்லை என்றது. ஆனால் உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை வசூல் நிற்காது.

அப்போதிருந்து ரினெட் தீர்ப்புகளைப் படிக்கத் தொடங்கினாள். தொழிலுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள். நூற்றிருபது பக்கத்தைப் பிரின்ட் எடுத்து, சாப்பாட்டு வேளையில் அடிக்கோடிட்டுப் படித்தாள். நெருக்கடி நேரத்தில் ஜனாதிபதி இறக்குமதியை முறைப்படுத்தலாம் என்கிறது அந்தச் சட்டம். வரி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. வரி போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது என்று அரசியல் சாசனம் முதல் பக்கங்களிலேயே சொல்கிறது. அவளுக்கு அது பட்டப்பகல்போலத் தெளிவாக இருந்தது. பெட்ரோல் பங்கில், முடிதிருத்தும் கடையில், யார் கேட்டாலும் விளக்கினாள். ஊரில் பெயரே மாறிவிட்டது.

"ஜட்ஜம்மா வர்றாங்க, எந்திரிங்க" என்பார்கள் காபிக்கடையில்.

"உட்காருங்க. அபராதம் அப்புறம் போடுறேன்" என்பாள்.

நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்த நாளில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரமும் கேட்டாள். நீதிபதிகள் அரசு வழக்கறிஞரை மடக்கியபோதெல்லாம் எதிர் மேஜையிலிருந்த ட்ரூடியைப் பார்த்துத் தலையாட்டினாள். ட்ரூடி கடைசியில் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உண்மையச் சொல்லு. உனக்கு அரசியல் சாசனத்து மேல அவ்வளவு ஆசையா?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"முப்பது வருஷமா எனக்குத் தெரியாம போச்சேன்னு கேட்டேன்."

ரினெட் திரைக்குத் திரும்பினாள். காது சிவந்ததை ஹெட்போன் மறைத்துக்கொண்டது.

எந்த வழக்கின் தீர்ப்பு எந்த நாளில் வரும் என்று அந்த நீதிமன்றம் முன்கூட்டிச் சொல்லாது. இன்ன நாளில் தீர்ப்புகள் வரலாம் என்று மட்டும் சொல்லும். அதனால் ஒவ்வொரு தீர்ப்பு நாளும் நாடு முழுவதும் வணிகர்கள் காலை பத்து மணிக்குத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ரினெட்டும். முதல் தீர்ப்பு வரும், வேறு யாருடைய வழக்கோ. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று, அதுவும் இல்லை. பிறகு 'இன்றைக்கு இவ்வளவுதான்' என்று ஒரு வரி. இங்கே பத்து மணி என்றால் அக்கரையில் பதினொன்று. அந்தக் கரை எப்போதும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்கள் அதை ஏற்கெனவே வாழ்ந்து முடித்திருப்பார்கள் என்று அந்த நிமிடங்களில் அவளுக்குத் தோன்றும். ஜனவரியில் மூன்று நாள் இப்படிப் போனது. மூன்று முறையும் அவள் ப்ளோய் சுட்டு எடுத்துவந்திருந்தாள். மூன்று முறையும் ட்ரூடி சாப்பிட்டாள்.

"இன்னும் ரெண்டு தீர்ப்பு நாள் போச்சுன்னா எனக்குப் பழைய பாவாடை பத்தாது" என்றாள் ட்ரூடி.

பிப்ரவரி இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை. பத்து மணியைத் தாண்டிச் சில நிமிடங்கள். முதல் தீர்ப்பே அதுதான்.

ஆறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் ஒரு பக்கம். அந்தச் சட்டம் ஜனாதிபதிக்கு வரி விதிக்கும் அதிகாரம் தரவில்லை.

ரினெட் அந்த வரியை மூன்று தரம் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வெளியே தெருவில் பனி வாரும் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. ட்ரூடி எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள்.

"ஜட்ஜம்மா ஜெயிச்சுட்டாங்க."

"நான் எங்க ஜெயிச்சேன்?"

"அழாதடி. போன் அடிக்கப் போகுது. கட்டின வரியத் திருப்பிக் கேட்டு ஊரே கூப்பிடும்."

ஊரே கூப்பிட்டது. மாலைக்குள் இன்னொரு செய்தியும் வந்தது. ஜனாதிபதி வேறொரு சட்டத்தின் கீழ் எல்லா நாட்டுச் சரக்குக்கும் புதிதாகப் பத்து சதவீதம் அறிவித்தார். அது நூற்றைம்பது நாளைக்குத்தான் செல்லும். ரினெட் உடனே மனதுக்குள் கணக்குப் போட்டாள். முப்பத்தைந்து போய்ப் பத்து. பூட்ஸ் உறைக்குப் பத்து என்றால் வாங்குகிறவன் தாங்குவான். லோடு வரும். 'இந்த வரி' என்றுதான் ஓனில் சொன்னான். அந்த வரி போய்விட்டது.

அடுத்த செவ்வாய் எதுவும் வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. க்ளேர் ஆலையின் பெயர் மேலே இருந்தது. ரினெட் அதைக் கையில் எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எடுத்துக் கண்ணைக் கீழே ஓட்டினாள். என்ன சரக்கு. எந்த நாட்டுத் துணி. என்ன விலை.

எத்தனை பெட்டி: இருபத்தாறு.

அச்சடித்த மாதிரி, கட்டத்தின் நடுவில், அழகான கையெழுத்தில்.

"என்னாச்சு?" என்றாள் ட்ரூடி.

"ஒண்ணுமில்ல. தாள் சரியா இருக்கு."

"சரியா இருந்தா சந்தோஷப்படணும்."

ரினெட் அதைக் கணினியில் ஏற்றினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவன்தான் நிரப்பினானா? நிரப்பியிருந்தால், உள்ளே வர விருப்பமில்லை என்று அர்த்தம். அவன் நிரப்பவில்லை என்றால், வருவது அவன் இல்லை. இரண்டில் எது நல்லது என்று இரவு முழுக்க அவளால் முடிவு செய்ய முடியவில்லை. விடிந்ததும் ப்ளோய் மட்டும் சுட்டாள்.

செவ்வாய் காலை லாரி பாலத்தில் ஏறும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருடம் கேட்ட அதே என்ஜின், ஆனால் கியர் மாற்றும் விதம் வேறு. சுங்க முற்றத்துக்குள் நுழைந்து, சோதனைச் சாவடியில் அரை நிமிடம் நின்று, நகரத் தொடங்கியது. தாள் சரியாக இருக்கிறதே, ஏன் நிற்க வேண்டும்? ரினெட் கோட்டைக்கூட மாட்டாமல், ஈயத்தாள் பொட்டலத்தோடு தெருவுக்கு ஓடினாள். கையை ஆட்டினாள். லாரி மூச்சு விட்டு நின்றது. கண்ணாடி இறங்கியது. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், காதை மூடிய சிவப்புக் கம்பளித் தொப்பி.

"ஏதாவது தப்பா? எல்லாக் கட்டத்தயும் நிரப்பியிருந்தேனே."

"இல்லம்மா. எல்லாம் சரி." குளிரில் ரினெட்டின் பல் அடித்துக்கொண்டது. "இந்த வண்டிய ஓனில் ஓட்டுவாரு. அவரு..."

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். முகம் மெல்ல இளகியது.

"பெட்டி எண்ற அம்மா நீங்கதானா?"

ரினெட் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எங்க ஆலையில எல்லாருக்கும் தெரியும். கிளம்பும்போது அவர் சட்டைப் பையில ஒரு சீட்டு இருக்கும், எண்ணு எழுதினது. கட்டத்துல எழுத மாட்டார். என் பேரு சோலாஞ். ஓனில் செப்டம்பர்லயே நின்னுட்டாருங்க. லோடே இல்லயே அப்ப. இப்ப கியூபெக் பக்கம், தோட்டத்துக்குப் போடுற கரிமண்ணு லோடு ஓட்டுறார். ஞாயித்துக்கிழமை போனா வெள்ளி ராத்திரிதான் வருவார்."

"இந்த ரூட்டுக்குத் திரும்பக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. வேணாம்னுட்டார்." பின்னால் இன்னொரு லாரி ஹாரன் அடித்தது. சோலாஞ் கியரைப் போட்டாள். "கோவத்துல சொல்லல. அத மட்டும் நான் சொல்லணும். யோசிச்சுதான் சொன்னார்."

ரினெட் பொட்டலத்தை ஜன்னல் வழியே நீட்டினாள். "நீ சாப்பிடு. ஆறிடும்."

உள்ளே வந்து ஹீட்டரின் பக்கத்தில் நின்றாள். ட்ரூடி காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"வரி போனாலும் வர மாட்டானாம்" என்றாள் ரினெட்.

"சரி."

"பதினோரு மாசம், ட்ரூடி. மூணு கோர்ட்டு. ஒவ்வொரு பக்கமாப் படிச்சேன்."

"படிச்சதப் பாத்தேன்."

"அவன்தானே சொன்னான், பாலத்தத் தாண்ட மாட்டேன்னு."

"அவன் சொன்னான்." ட்ரூடி தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். "நீ எப்படி சொன்ன?"

ரினெட் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல, கேக்கறேன். அவனுக்கு ஒரு சபதம். அத நீ ஏன்டி தூக்கிச் சுமக்கற? உன்ன எந்த ஜனாதிபதி தடுத்தாரு? எந்தக் கோர்ட்டு விடணும்?"

அலுவலக ஜன்னலிலிருந்து பாலத்துக்கு நானூறு அடிகூட இருக்காது. ரினெட் அன்று முழுக்க ஜன்னலைப் பார்க்காமல் வேலை செய்தாள்.

சனிக்கிழமை பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினாள். நடுப்பாலத்தில் எல்லைக்கோட்டுப் பலகையைக் கடந்தபோது கீழே ஆறு இன்னும் உறைந்தே கிடந்தது, பனிச்சறுக்கு வண்டிகளின் தடம் குறுக்கும் நெடுக்குமாக. அந்தப் பக்கத்துச் சாவடியில் இருந்த அதிகாரி அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"ரொம்ப நாளா இந்தப் பக்கமே காணோமே."

"வேலை."

"என்ன விஷயமா வர்றீங்க?"

"ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"நெறைய நேரம் ஆகுமா?"

"ஒரு வார்த்ததான். ஆனா பதினோரு மாசமா வச்சிருக்கேன்."

அவர் சிரிக்காமல் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது தெருவில் நாலு வீட்டைத் தாண்டியதும் ஓனிலைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்குள் இல்லை. கூரையின் மேல், நீள மண்வெட்டியோடு, பனியை வெட்டி வெட்டிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தான். சுவரில் அலுமினிய ஏணி சாய்ந்திருந்தது. கார்க் கதவின் சத்தம் கேட்டுத் திரும்பினான். கண்ணாடி நெற்றியில் இருந்தது. கண்ணுக்கு இறக்கிப் பார்த்தான்.

கூரை விளிம்பிலிருந்து ஒரு பாளம் பனி நழுவி அவள் காலடியில் விழுந்தது.

"வழி தெரிஞ்சுதா?" என்றான் ஓனில்.

"கோபுரத்துக்குப் பின்னால மூணாவது தெரு. தெரியும்."

"யாரு சொன்னா?"

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி நீதான் சொன்ன. குழாய் உறைஞ்சு வெடிச்ச கதை."

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டான். "கோர்ட்டு விஷயம் பாத்தேன். ஆறுக்கு மூணு."

"ஆமா."

"மறுநாளே வேற பேர்ல வேற வரி."

"மறுநாள் இல்ல. அன்னைக்கு சாயங்காலமே. அது பத்துதான். நூத்தம்பது நாளைக்கு மேல நாடாளுமன்றம் சம்மதிக்கணும்."

"உன்ன ஜட்ஜம்மான்னு கூப்பிடறாங்களாமே."

"யாரு சொன்னா?"

"பாலத்துக்கு ஒரு பக்கம் சொன்னா ரெண்டு பக்கமும் கேக்கும்." அவன் ஆற்றுப் பக்கம் பார்த்தான். "நான் அங்க வர மாட்டேன், ரினெட். உன் மேல கோவம் இல்ல. அந்த ரோட்டுல ஓட்டும்போது முன்ன மாதிரி மனசு இருக்காது. சும்மா போய் வர்ற ஊரா இருந்துச்சு. இப்ப வேற நாடாயிடுச்சு."

"நான் உன்னக் கூப்பிட வரல."

"பின்ன?"

இதற்குத்தான் எல்லாவற்றையும் படித்தாள். ஆனால் ஒரு பக்கத்திலும் இதற்கு வாசகம் இல்லை.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. கேலியாக்கூட அதச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. நீ வர மாட்டேங்கற பயத்துல வாயில வந்தது. அவ்வளவுதான்."

ஓனில் மண்வெட்டியால் கூரையை மெல்லத் தட்டினான்.

"அதுக்குப் பதிலுக்கு என்ன சொல்லியிருக்கலாம்னு நான் பதினோரு மாசம் யோசிச்சேன். லாரியில வேற என்ன வேலை. போன வாரம்தான் நல்லதா ஒண்ணு கெடச்சது. சூடா, ஒரே வரியில."

"சொல்லேன். வாங்கிக்கறேன்."

"மேல ஏறி வந்ததுல மறந்துடுச்சு."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை வந்தது. முகத்தைக் குனிந்து கையுறையால் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஏணி ஆடுது" என்றான் ஓனில். "கொஞ்சம் புடிச்சுக்கறியா? இந்தப் பக்கம் பாக்கி இருக்கு."

ரினெட் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அலுமினியத்தின் குளிர் கையுறையைத் தாண்டி விரலுக்குள் இறங்கியது. அவன் இருக்கும் பக்கத்தில் ஓடுகள் கறுப்பாக, சுத்தமாகத் தெரிந்தன. அங்கே வெட்ட எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் மண்வெட்டி மேலே அங்குமிங்கும் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாரத்தில் ஒரு சனிக்கிழமைதான் அவனுக்கு. அதிலும் பாதி கழிந்துவிட்டது. இறங்கு என்று அவள் சொல்லவில்லை. இறங்கினால் காபி கொடுப்பான், பேச்சு வரும், பிறகு அவள் கிளம்ப வேண்டியிருக்கும். அதனால் ஏணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.